வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது? துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன வயதில் ஒருவர் தவறாக நடந்துகொண்டார், இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. அல்லது போன வாரம் நடந்தது. அல்லது இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. இதில் எந்த நிலையில் இருந்தாலும், வீட்டில் சொல்வதா வேண்டாமா, சொன்னால் யாரிடம், எந்த வார்த்தையில் என்ற கேள்வி உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். "மனசுல இருக்கறத கொட்டிடு, எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படிச் சரியாகிவிடுவதில்லை. கேட்ட உடனே கட்டிப்பிடித்து அழுத அம்மாக்கள் உண்டு. "இதை இதோட விட்டுடு" என்று பேச்சை முடித்த அம்மாக்களும் உண்டு. உங்கள் வீட்டில் எது நடக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டார் எப்படி நடந்துகொண்டாலும் நீங்கள் தாங்கிக்கொள்ளும்படி முதலில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

பாலியல் துன்புறுத்தலை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். அடி, மிரட்டல் என்று வேறு கொடுமைகளை அனுபவித்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தள்ளிப்போடக் கூடாத மூன்று நிலைமைகள்

மற்ற எல்லாவற்றையும் ஆற அமர யோசிக்கலாம். இந்த மூன்றில் மட்டும் நேரம் முக்கியம்.

ஒன்று, சில நாட்களுக்குள் நடந்தது என்றால். வீட்டில் சொல்வதற்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 5 நாட்கள் வரை பயன் உண்டு, அதுவும் முந்தினால்தான் அதிகப் பலன். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டீர்களா, துவைத்துவிட்டீர்களா, பரவாயில்லை, அப்படியே போங்கள். புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம், சிகிச்சை காத்திருக்காது.

இரண்டு, உங்களுக்குக் கெடுதல் செய்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு குழந்தை இருந்தால். நீங்கள் முழுதாகத் தயாராகும் வரை அந்தக் குழந்தை காத்திருக்க முடியாது. அதற்காக உங்கள் கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும் என்றில்லை. "அவரோட தனியா விடாதீங்க. காரணத்தோடதான் சொல்றேன், எனக்கே நடந்திருக்கு" என்று அந்தக் குழந்தையின் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொன்னாலே காவல் தொடங்கிவிடும். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் குழந்தைகள் பாதுகாப்பு உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மூன்று, இப்போதும் நடந்துகொண்டிருந்தால். பதினெட்டு வயது ஆகாதவராக இருந்தால் வீட்டில் நம்பக்கூடிய ஒரு பெரியவர், இல்லையென்றால் ஆசிரியர், மருத்துவர், குழந்தைகள் உதவி எண் என்று ஒருவர் நம்பும் வரை சொல்லிக்கொண்டே இருங்கள். கட்டியவரே கொடுமை செய்கிறார், பிறந்த வீட்டில் சொல்லப் போகிறீர்கள் என்றால், சொல்வது அவருக்குத் தெரியாமல் நடக்கட்டும். மனைவி பிரிந்து போகப் போகிறார் என்று கணவருக்குத் தெரிந்ததும் வன்முறை முற்றுவது பலரும் கண்ட உண்மை. அவர் எடுத்துப் பார்க்கக்கூடிய போனில் பேசாதீர்கள், செய்தி அனுப்பாதீர்கள். எங்கே போய்த் தங்குவது என்று முடிவான பிறகே கிளம்புவதைப் பற்றி வாய் திறங்கள்.

சொல்லியே ஆக வேண்டுமா?

மேலே சொன்ன அவசரம் எதுவும் இல்லையென்றால், வேண்டியதில்லை. சொன்னால்தான் தைரியசாலி, சொல்லாவிட்டால் கோழை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு நல்ல மனநல ஆலோசகரிடமும் ஒரு தோழியிடமும் மட்டும் பேசி நிம்மதியாக வாழ்கிறவர்கள் நிறைய பேர். வீட்டாரை நம்பிச் சாப்பாடு, படிப்பு, இருப்பிடம் எல்லாம் ஓடுகிறது, அதே வீட்டில்தான் அந்த ஆளுக்குச் செல்வாக்கும் இருக்கிறது என்றால், சொந்தக் காலில் நிற்கும் வரை பொறுப்பது புத்திசாலித்தனமான முடிவாகவே இருக்கலாம்.

முதல் படி: எதற்காகச் சொல்கிறோம்?

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஒரு தாளை எடுத்து "சொன்ன பிறகு என்ன நடக்க வேண்டும்?" என்று எழுதுங்கள். வருவதையெல்லாம் எழுதுங்கள். அம்மா நம்ப வேண்டும். அந்த ஆளை வீட்டுக்குள் விடக் கூடாது. கல்யாணம் காட்சியில் அவர் பக்கத்தில் என்னை நிற்கச் சொல்லக் கூடாது. நான் ஏன் இப்படிச் சட்டென்று எரிந்து விழுகிறேன் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும். சிகிச்சைக்குப் பணம் வேண்டும். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் கையில் இருப்பவை ஒரு பக்கம், அடுத்தவர் மனதைப் பொறுத்தவை மறு பக்கம். "இனி அவர் வரும் இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லிவிடுவது" உங்கள் கையில் இருக்கிறது. "அம்மா நம்புவது" அவர் கையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒன்றாவது இருந்தால் சொல்வதற்கு அடித்தளம் இருக்கிறது. எல்லாமே இரண்டாம் பக்கத்தில்தான் விழுகிறது என்றால், அதிலும் முக்கியமாக அந்த ஆள் மன்னிப்புக் கேட்பதுதான் ஒரே எதிர்பார்ப்பு என்றால், கொஞ்சம் பொறுங்கள். செய்தவர்களில் பலர் கடைசி வரை ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் நிம்மதியின் சாவி அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: வெளியே ஒரு துணை

வீட்டில் சொல்வதற்கு முன் வீட்டுக்கு வெளியே ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ஆலோசகராக இருந்தால் நல்லது, நெருங்கிய நண்பர் என்றாலும் சரி. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மாகிட்ட பேசப் போறேன். முடிஞ்சதும் கூப்பிடுவேன். தேவைப்பட்டா ராத்திரி உன் வீட்டுக்கு வந்துடுவேன்" என்று சொல்லி வையுங்கள். இந்த மூன்று வாக்கியம் போதும், பெரிய பாதுகாப்பு.

சட்டப்படி புகார் கொடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், வீட்டில் சொல்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். புகாருக்கான காலவரம்பு நாட்டுக்கு நாடு வேறு. குழந்தைக்கு நடந்தது தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் உள்ள நாடுகளும் உண்டு. அங்கே ஆலோசகரிடம் சொல்வதுகூட அதிகாரிகள் வரை போகலாம். "நான் சொல்வதில் எதை நீங்கள் வெளியே தெரிவிக்க வேண்டியிருக்கும்?" என்று ஆரம்பத்திலேயே ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளலாம். பழைய செய்திகள், படங்கள், கடிதங்கள் இருந்தால் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். விஷயம் அவர் காதுக்குப் போன மறுநிமிடம் அழிக்கும் வேலை தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: யாரிடம் முதலில்?

அம்மாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மனம் சொல்லும். அது இயல்பு. ஆனாலும் முதல் ஆளை உறவின் நெருக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவர் குணத்தை வைத்து முடிவு செய்யுங்கள். முன்பு யாராவது ஒரு கெட்ட செய்தி சொன்னபோது இவர் எப்படி நடந்துகொண்டார்? ரகசியத்தைக் காப்பாற்றினாரா? செய்தித்தாளில் இப்படி ஒரு சம்பவம் வந்தால் யாரைக் குறை சொல்கிறார்? "அவ ஏன் அங்க போனா" என்பவரா, "பாவி, பிள்ளைய என்ன பண்ணிட்டான்" என்பவரா? அந்த ஆளிடம் இவருக்குக் கடன், தொழில், நன்றி என்று ஏதாவது பிடிமானம் இருக்கிறதா?

பல வீடுகளில் அக்காவோ அத்தையோ பெரியம்மா மகளோ சரியான முதல் ஆளாக இருப்பார்கள். முதலில் அவரிடம் சொல்லி, பிறகு அவரைக் கூட வைத்துக்கொண்டு அம்மா அப்பாவிடம் போகலாம். ஒரே நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டத்தில் ஒருவர் வாதாடத் தொடங்கினால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள், அந்த அமைதியையே நீங்கள் எதிர்ப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

ஆளாளுக்குத் தெரிய வேண்டிய அளவும் வேறு. கூட இருந்து தாங்கப் போகிறவருக்குக் கொஞ்சம் விரிவாக, அப்பாவுக்கு நடந்தது இன்னது என்ற அளவில், தூரத்து உறவுக்கு ஒன்றுமே இல்லாமல்.

நான்காம் படி: நேரம், இடம், வழி

விசேஷம், சாவு வீடு, பண்டிகை, யாராவது ஊருக்குக் கிளம்பும் நேரம், குடித்திருக்கும் நேரம், நள்ளிரவு: இவை எதுவும் வேண்டாம். சண்டையின் நடுவில் ஆயுதம் போல வீசவும் வேண்டாம். "கோபத்துல சொல்றா" என்று பிறகு அதையே சாக்காக்குவார்கள். இருவருக்கும் அடுத்த இரண்டு மணி நேரம் வேறு வேலை இல்லாத ஒரு பகல் பொழுது நல்லது. உங்களால் எழுந்து போக முடிகிற இடமாக இருக்கட்டும். ஓடும் கார் அதனால்தான் சரிவராது.

நேரில் சொல்லத் தொண்டை அடைக்கும் என்றால் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, நினைத்ததை நினைத்த வரிசையில் சொல்லலாம். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லலாம், படித்துவிட்டுக் கூப்பிடச் சொல்லலாம். போனில் செய்தியாக அனுப்புவதில் ஒரு ஆபத்து உண்டு: ஒரு விரல் பட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே போய்விடும். தொலைவில் இருப்பவரானால் அழைத்துப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: சொற்கள்

ஆரம்பிப்பதுதான் கடினம். ஆரம்ப வரியை எழுதி, வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பாருங்கள். உதாரணமாக:

"அம்மா, ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும். எனக்குச் சொல்ல ரொம்ப கஷ்டமா இருக்கு. முடிக்கிற வரைக்கும் நடுவுல எதுவும் கேக்காதீங்க. நான் நாலாவது படிக்கும்போது மாமா என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார். ஒரு தடவ இல்ல, பல தடவ. இத்தனை வருஷம் சொல்லப் பயமா இருந்துச்சு. இப்ப நீங்க எதுவும் பண்ண வேண்டாம். என்னை நம்புங்க, இத நான் சொல்லாம யார்கிட்டயும் சொல்லாதீங்க. அது போதும்."

இதில் நான்கு விஷயம் இருக்கிறது: கேட்கும் முறைக்கு ஒரு வேண்டுகோள், நடந்தது என்ன, யார் செய்தது, இப்போது என்ன வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட்பவருக்கு அதிர்ச்சியில் கை கால் ஓடாது. என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டால் அவர்கள் அதைப் பற்றிக்கொள்வார்கள்.

எங்கே தொட்டார், எப்படி என்ற விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. "அதுக்கு மேல இப்ப என்னால சொல்ல முடியாது" என்பது முழுமையான பதில். தேதி, வருடம், அன்று வீட்டில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். பயத்தில் பதிந்த நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கும்: ஒரு வாசனை, ஒரு சுவரின் நிறம் தெளிவாக இருக்கும், மாதம் மறந்திருக்கும். இடைவெளியை ஊகத்தால் நிரப்பினால் பின்னால் அந்த ஒரு ஊகத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்பார்கள்.

ஆறாம் படி: முதல் சில நிமிடங்களுக்குத் தயாராவது

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. பல நேரம் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்பதில்லை, "எனக்குத் தெரியாமல் போச்சே" என்ற தவிப்பு அப்படி வெளிவருகிறது. 1983இல் ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று விளக்கினார். ரகசியம், கையாலாகாத நிலை, சிக்கிக்கொண்டு ஒத்துப்போவது, தாமதமாகவும் நம்பும்படி இல்லாமலும் வெளியே சொல்வது, பிறகு சொன்னதையே இல்லை என்பது. ஆக, தாமதம் என்பதே பொய்க்கு அடையாளம் ஆகாது. "சொல்ற வயசு இல்ல, சொல்ல வார்த்தையும் இல்ல. இப்பதான் முடிஞ்சுது" என்று சொன்னால் போதும்.

"ஏன் கத்தல, ஏன் தள்ளிவிடல?" இது இன்னும் வலிக்கும். உயிர்ப்பயத்தில் உடல் உறைந்துபோவது மூளையின் தானியங்கிச் செயல், நாம் முடிவெடுத்துச் செய்வதில்லை. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பின் அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உடல் உறைந்துபோனதாகச் சொன்னார்கள். ஆண்களுக்கும் இது பொருந்தும். அப்போது உடல் கிளர்ச்சி அடைந்ததே என்று வெட்கி வாழ்நாள் முழுக்க வாய் திறக்காத ஆண்கள் இருக்கிறார்கள். அது உடலின் அனிச்சைச் செயல். சம்மதத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே." வாதாட வேண்டாம். "உங்களுக்கு நம்பக் கஷ்டமா இருக்கும்னு தெரியும். நடந்தத சொல்லிட்டேன். யோசிங்க, அப்புறம் பேசலாம்" என்று எழுந்துவிடுங்கள். முதல் நாள் மறுத்தவர்கள் சில வாரம் கழித்து, பழைய சம்பவங்களைக் கோத்துப் பார்த்து, தாங்களாகவே வந்து பேசுவது உண்டு.

"அவனை வெட்டிட்டுதான் மறுவேலை" என்று கிளம்பும் அண்ணன்களும் அப்பாக்களும் உண்டு. அன்பால் வருவதுதான், ஆனால் உங்கள் விஷயம் அந்த நொடியில் அவர்கள் விஷயமாக மாறிவிடும். "நீங்க போயிட்டா என் பக்கத்துல யார் இருப்பா? உட்காருங்க" என்று சொல்லுங்கள். நீங்கள் முடிவு செய்யும் வரை யாரும் அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அம்மா உடைந்து அழுது, தலையில் அடித்துக்கொண்டு, கடைசியில் நீங்களே அவரைத் தேற்ற வேண்டி வரலாம். இதை முன்பே எதிர்பார்த்து, அம்மாவின் தங்கை போல ஒருவரை அன்று பக்கத்தில் இருக்கச் சொல்லலாம். இரண்டு பேரையும் தாங்கும் வேலை உங்களுடையதாக ஆகக் கூடாது.

செய்தவர் குடும்பத்துக்குள்ளேயே இருந்தால்

வெளியாள் என்றால் வீடு ஒன்றுசேரும். உள்ளாள் என்றால் வீடு இரண்டாகப் பிளக்கும் அல்லது உங்களுக்கு எதிராக ஒன்றுசேரும். அப்பா என்று வைத்துக்கொள்வோம். உங்களை நம்பினால் அம்மா தன் மொத்த வாழ்க்கையையும் திரும்பிப் பார்க்க வேண்டும், வருமானம், வீடு, மற்ற பிள்ளைகள் எல்லாம் கேள்விக்குள்ளாகும். நம்பாமல் இருப்பது அவருக்குச் சுலபம். அது நியாயமில்லைதான். ஆனால் அவருடைய மறுப்பு உங்கள் சொல்லின் உண்மையை எடைபோட்டு வந்த முடிவு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

செய்தவர் என்ன செய்வார் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் 1997இல் அதற்கு டார்வோ (DARVO) என்று பெயர் வைத்தார், மூன்று செயல்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. முதலில் மறுப்பார், அப்புறம் சொன்னவரைத் தாக்குவார், கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் என்று மாற்றுவார். "நான் அப்படிச் செய்வேனா?" "அவளுக்கு எப்பவும் மனசு சரியில்ல." "வளர்த்த பாவத்துக்கு இப்படிப் பழி போடுறா." இந்த வரிசையில் வரும்போது உங்களுக்கே ஒரு கணம் உங்கள் மேல் சந்தேகம் வரும். அதற்காகத்தான் சொல்வதற்கு முன்பே, நினைவிருப்பதை எழுதி, தேதி போட்டு வெளியே இருக்கும் துணையிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறேன்.

அந்த ஆளையே நேருக்கு நேர் கேட்பது தனி முடிவு. வீட்டில் சொல்வதோடு அதைச் சேர்க்காதீர்கள்.

"குடும்ப மானம் போயிடும், மன்னிச்சுடு, நடந்தது நடந்துபோச்சு" என்று சமாதானக் கூட்டம் போடுவார்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம், அதை அந்தக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: "அவர் இனி குழந்தைகளோட தனியா இருப்பாரா, மாட்டாரா?"

சொன்ன பிறகு

அடுத்த சில நாட்கள் மோசமாக இருக்கலாம். தூக்கம் வராது, "ஏன்டா சொன்னோம்" என்று தோன்றும், சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்றுகூட மனம் அலைபாயும். நல்லபடியாக முடிந்த வீடுகளிலும் இது வரும். அந்த வாரத்துக்குப் பெரிய முடிவுகள் எதுவும் வேண்டாம், ஆலோசகரோடு ஒரு சந்திப்பை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ உங்கள் துணையையோ அழையுங்கள்.

யாரிடம், எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று குறித்து வையுங்கள். வழக்கு என்று வந்தால் முதன்முதலில் கேட்டவர் சாட்சியாக விசாரிக்கப்படலாம். உங்களைக் கேட்காமல் யாராவது உறவினரிடம் சொல்லிவிட்டால், "நான் அனுமதிக்கவில்லை" என்று நேரடியாகச் சொல்லுங்கள், அடுத்த விவரங்களை அவரிடம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களிடம் சொன்னால்

இதைப் படிப்பவர்களில் அம்மா, அப்பா, அக்கா, கணவர் என்று கேட்கும் இடத்தில் இருப்பவர்களும் இருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேடு, வன்முறைக்கு ஆளான பெண்களிடம் மருத்துவப் பணியாளர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஐந்து செயல்களைச் சொல்கிறது: காது கொடுத்துக் கேட்பது, இப்போது என்ன தேவை என்று விசாரிப்பது, நம்புகிறேன் என்று காட்டுவது, பாதுகாப்பை உறுதி செய்வது, அடுத்த உதவிக்குக் கைகாட்டுவது. வீட்டுக்கும் இந்த ஐந்தும் போதும். ஆதாரம் கேட்பது இந்தப் பட்டியலில் இல்லை.

கேட்டவுடன் என்ன சொல்வது என்று தெரியவில்லையா? "நல்லவேளை சொன்ன. நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்ல. இப்ப நான் என்ன செய்யணும்?" இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். இரண்டு நாள் கழித்து, அவர்களாக மறுபடி எடுப்பார்கள் என்று காத்திராமல், "அன்னைக்குச் சொன்னதையே நினைச்சிட்டிருக்கேன், எப்படி இருக்க?" என்று நீங்களே போய்க் கேளுங்கள்.